அடிக்கு ஓர் அரணம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை பிற்பகல், வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டுக்கு என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளை. விவசாயம் கற்றுத் தேறியவர். அம்பேவெலப் பகுதியிலுள்ள பாற்பண்ணையொன்றில் வேலை கிடைத்திருப்பதாகவும், மறுநாட் காலை பதுளைப் புகையிரதத்திற் புறப்படுவதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னார். தேநீர் கொண்டுவந்த என் மனைவியின் பார்வை வாசற்படியிற் சென்று நின்றது. அங்கே மாணவர் கழற்றி வைத்திருந்த சப்பாத்துச் சோடி கண்ணாடி போற் பளபளத்தது. முனை கூர்மையானது, அடித்தோல் வழுவழுப்பானது.

“இதைப் போட்டுக்கொண்டா தம்பி மாட்டுப் பட்டிக்குப் போகப் போகிறீர்?”

“நேர்முகப் பரீட்சைக்கென்று வாங்கினது, அன்ரி. முதற் சம்பளம் வருமட்டும் தாங்கும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரந்தனில் என் பெரியப்பாவின் மாலில் ஆணியொன்றிலே தொங்கிய ஒரு சோடி இறப்பர்ச் சப்பாத்து மனக்கண்முன் வந்து நின்றது. “எழும்பும் தம்பி, கடை பூட்ட முன்னர் ஒருக்காற் காலி வீதிக்குப் போய் வருவோம்” என்று அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பெரியப்பாவின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வெறுங்காலுடன் வயல் செய்தவர். ஒருமுறை ஏதோ ஒரு நிறுவனத்தார் அவ்வூர் விவசாயிகளுக்கு முழங்கால் வரை உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்துகளை இலவசமாக வழங்கினர். நல்ல எண்ணந்தான். ஆனால், வந்தவை யாவும் ஏறக்குறைய ஒரே அளவின. பெரியப்பாவின் முன்னடி அகன்றது. கொடுத்த சப்பாத்தோ ஒடுங்கியது. இரண்டு நாள் அணிந்தார். மூன்றாம் நாட் சுண்டுவிரலிற் கொப்புளம் வெடித்தது. அன்றே சப்பாத்து ஆணியில் ஏறிற்று. அதற்கு அவர் சொன்ன நியாயம் வேறு: “தம்பி, வயலுக்குள்ளே செருப்போடு இறங்கிறதே? அது லெட்சுமி இருக்கிற இடமெல்லோ!” உண்மையில் அவரைத் தடுத்தது லெட்சுமி அன்று, சுண்டுவிரலே என்பதை யான் அறிவேன், அவரும் அறிவார்.

அடுத்த மாரியில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்காலிற் பொறுக்க முடியாத நோ, கண்கள் சிவந்தன. மழைக்காய்ச்சலென்று எண்ணிப் பனடோலுடன் நான்கு நாட் கழித்தார்கள். ஐந்தாம் நாள் சிறுநீர் குறைந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றபோதுதான் அது எலிக்காய்ச்சல் எனத் தெரிந்தது. குதிக்காலிலிருந்த பித்தவெடிப்பே நோய் புகுந்த வாசல். பல வாரங்கள் படுக்கையிற் கிடந்து, சிறுநீரகங்கள் மீண்டும் தொழிற்படத் தொடங்கிய பின்னரே பெரியம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இந்நோயை 1886இல் விரிவாக எழுதி வைத்தவர் அடோல்ப் வெயில் என்ற ஜேர்மனிய வைத்தியர். அதன் கிருமியை 1915இல் ஜப்பானிய அறிஞர்களான இனாடாவும் இடோவும் கண்டறிந்தனர். எலியின் பெயரால் வழங்கினும், மாடு முதலிய கால்நடைகளின் சிறுநீரிலும் அக்கிருமி வெளிப்படலாம். ஆதலின் இது நெல்வயலுக்கு மாத்திரமன்றி மாட்டுப் பண்ணைக்கும் உரிய நோய். தேங்கிய நீரிலும் ஈரச் சேற்றிலும் உயிர்வாழ்ந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியாகவும், நீரில் நெடுநேரம் ஊறி மென்மையான தோல் வழியாகவும் உடலினுட் புகும். 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. சுமார் 200 பேர் மாண்டனர். 2024 டிசெம்பரில், பெருவெள்ளம் வடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தில் என்ன காய்ச்சலென்று புரியாமலே சிலர் இறந்தபோது ஊரே கலங்கியதைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். அதுவும் இதுவே. ஆபத்தான வயல்களில் இறங்குவோருக்கு வாரந்தோறும் விழுங்கத்தக்க தடுப்பு மாத்திரை உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்வார். ஆயினும், மாத்திரை சப்பாத்துக்கு ஈடாகாது. முத்திரைப் புடையன் மாத்திரைக்கு அஞ்சுமா? கண்ணாடி விரியனென்று நூல்கள் கூறும் இப்பாம்பு வயல்வரப்பிலே தீண்டுவது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே.

எனவே நான் மாணவருக்குச் சொன்னது ஒன்றே: “வசதியான சப்பாத்து என்றால் ஆடம்பரமான சப்பாத்து என்று எண்ணாதேயும். கடிக்கிற சப்பாத்து ஆணியில் தொங்கும். கால் சேற்றில் நிற்கும். எத்தனை உறுதியான தோலாயினும் ஆணியில் தொங்கினால் யாரைக் காக்கும்?”

காலி வீதியில் நாம் முதலிற் புகுந்த கடையில், விற்பனையாளர் மாணவரின் பாதத்தை நோக்காது முகத்தை நோக்கியே ஓர் அளவை எடுத்து வந்தார். அது விரல்களை நெருக்கியது. “போடப் போட இளகும்” என்றார். இச்சொல்லை நம்பிக் கெட்ட கால்கள் எத்தனையோ! தோல் அகலத்திற் சிறிது இளகும். நீளத்தில் ஒருபோதும் இளகாது. இறப்பரோ எதிலும் இளகாது. நன்றி கூறிவிட்டு வெளியேறினோம்.

அடுத்த கடையிலிருந்த முதியவர் தொழில் தெரிந்தவர். மாணவரை இருக்கவிடாது எழுந்து நிற்கச் செய்து, இரண்டு பாதங்களையும் தனித்தனியே அளந்தார். உடலின் பாரம் இறங்கும்போது பாதம் நீள்கிறது, அகல்கிறது. அன்றியும் நாள் முழுவதும் நடந்த கால் மாலையிற் சற்றே வீங்கியிருக்கும். காலையில் வாங்கிய சப்பாத்து மாலையில் இறுகுவதன் காரணம் இதுவே. பலருக்கு இரு பாதங்களும் ஒத்த அளவின அல்ல. பெரிய பாதத்துக்கே சப்பாத்துத் தேடவேண்டும். எந்தக் காலுறையுடன் வேலை செய்யப் போகிறோமோ அதனையே அணிந்து அளத்தல் வேண்டும். மெல்லிய நைலோன் காலுறையுடன் அளந்து வாங்கிவிட்டு, மலைக்குளிரில் தடித்த கம்பளிக் காலுறையை உள்ளே திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மேலும் குளிரும்.

மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரலின் அகலம் வெறுமையாக இருத்தல் நன்று. பெருவிரலே எப்போதும் நீண்டதென்று கொள்ளற்க. பலருக்கு இரண்டாம் விரலே நீண்டிருக்கும். பாதம் எவ்விடத்தில் மடிகிறதோ அவ்விடத்திலேதான் சப்பாத்தும் மடியவேண்டும். முதியவர் மாணவரைக் கடையின் படிகளில் ஏறி இறங்கச் சொன்னார். ஏறுகையிற் குதிக்கால் கழன்று எழும்பினால் கொப்புளம் நிச்சயம். இறங்குகையில் விரல்கள் முன்னே சென்று முட்டினால் நகம் கறுத்துப்போகும். அம்பேவெலப் புல்வெளிகளோ ஏற்றமும் இறக்கமுமானவை.

இங்கே நம்மவர் கால்களைப் பற்றி ஒரு வார்த்தை. இளமையில் வெறுங்காலுடன் ஓடித் திரிந்தவர்களின் விரல்கள் விசிறி போல விரிந்திருக்கும். அது குறையன்று, ஆரோக்கியத்தின் அடையாளம். தென்னிந்தியாவில் 2,300 சிறுவர்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாதணி அணிந்து வளர்ந்தோருள் 8.6 வீதத்தினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது; வெறுங்காலுடன் வளர்ந்தோருள் 2.8 வீதத்தினருக்கே இருந்தது. எனவே, நடைபயிலும் குழந்தைக்கு இறுக்கமான சப்பாத்து மாட்டி அழகு பார்க்கும் கொழும்புப் பெற்றோர் சிறிது யோசித்தல் நலம். ஆயினும் அவ்வாறு இயற்கையாக விரிந்த பாதத்தை, ஒடுங்கிய மேனாட்டு அச்சில் தைத்த சப்பாத்தினுள் திணிப்பதே வயதுவந்த பின் வரும் தொல்லைகளுக்கு வித்து. அகலமான முன்புறமுள்ள சப்பாத்தையே நாம் கேட்டு வாங்கவேண்டும். இல்லையெனக் கடைக்காரர் கூறினால் வேறு கடைக்குப் போகவேண்டும்.

‘சப்பாத்து’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. ‘மேசு’ என்று நம் பாட்டன்மார் காலுறையைச் சொன்னதும் அவ்வாறே. சொல் வெளியிலிருந்து வந்ததாயினும் பொருள் நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், நெடுவழி செல்லும் வணிகர் பாதத்தை மறைக்கும் காப்பொன்றை அணிந்து சென்றதாகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். அதற்கு அவர் வழங்கும் பெயர் ‘அரணம்’. கோட்டைக்கும் காவலுக்கும் உரிய சொல்லையே காலணிக்கும் வழங்கிய அப்புலவர், கல்லிலும் முள்ளிலும் நடந்து அறிந்தவராகத்தான் இருக்கவேண்டும். நடுவில் எங்கோ நாம் அந்த அரணத்தைத் தொலைத்துவிட்டோம்.

தொலைத்ததன் விலையைப் பெரிதும் செலுத்தியவர்கள் மலையகத்து மக்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை வெறுங்காலுடன் நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், தோட்டங்களிலும் வெறுங்காலுடனேயே வேலை செய்தனர். ஈரமண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உட்புகும் கொழுக்கிப் புழு அவர்களின் இரத்தத்தை உறிஞ்சியது. 1916 அளவில் றொக்பெல்லர் நிறுவகத்தின் உதவியுடன் தோட்டங்களில் இப்புழுவுக்கெதிரான இயக்கம் தொடங்கப்பெற்றது. மருந்து கொடுத்தார்கள், மலசலகூடங்களை வற்புறுத்தினார்கள். மருந்துண்டவர் மறுநாளும் வெறுங்காலுடனேதான் மலையேறினார் என்பது இக்கதையின் துயரமான பகுதி. சோம்பேறிகள் என்று துரைமார் ஏசிய பலர், உண்மையில் இரத்தம் குன்றிய நோயாளிகள்.

மாணவருக்கு எவ்வகைச் சப்பாத்து வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். மாட்டுப் பண்ணை என்றதும் அவர் மனத்திலே திரைப்படத்திற் கண்ட அமெரிக்கக் குதிரைவீரனின் உயர்ந்த சப்பாத்தே இருந்தது. அதனை நான் மறுத்தேன். அச்சப்பாத்தின் ஒவ்வொரு கூறும் குதிரைக்காகவே அமைந்தது. உயர்ந்த குதி, பாதம் அங்கவடியினூடே வழுவி மறுபக்கம் போய்விடாது தடுப்பதற்கு. கூர்ந்த முனை, அதனை எளிதில் நுழைப்பதற்கு. நாடா இல்லாமை, குதிரை வீழ்த்தி இழுத்துச் செல்ல நேர்ந்தாற் பாதம் கழன்று தப்புவதற்கு. நாளெல்லாம் நடப்பவனுக்கு அந்தக் குதி முழங்கால் நோவையே கொடுக்கும். நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அங்கே குதிரை வளர்த்த காலத்தின் எச்சங்கள். அக்காலமாயின் அந்தச் சப்பாத்து நமக்கும் பயன்பட்டிருக்கலாம்!

அம்பேவெல நானு ஓயாவுக்கு அப்பால், பட்டிப்பொலவுக்கு முன்னால், ஏறக்குறைய 6,000 அடி உயரத்தில் இருப்பது. காலைப் புல் முழுவதும் பனிநீர். மழையும் குளிரும் அடிக்கடி. அங்கே பண்ணையில் இருவகை வேலை உண்டு. பால் கறக்கும் கொட்டிலிற் சீமெந்துத் தரை. நீர், சாணம், மூத்திரம், பாற்கொழுப்பு யாவும் கலந்து வழுக்கும். இங்கே தோற் சப்பாத்து உதவாது. மூத்திரமும் சாணமும் தோலை அரித்துத் தையலை இற்றுப்போகச் செய்யும். முழங்கால் வரை உயர்ந்த நீர்புகாச் சப்பாத்தே தக்கது. அதிலும் இயற்கை இறப்பர் கொழுப்புப் பட்டால் நாளடைவில் ஊதிக் கெடும்; பீ.வீ.சீ. முதலிய செயற்கைப் பொருளாலானவை கொழுப்பைத் தாங்கும். வேலிக்கட்டைகள் நடவும், புல்வெளியில் மாடுகளை ஓட்டவும், நெடுந்தூரம் நடக்கவும் கணுக்காலைப் பற்றிக் கட்டும் நாடாவுள்ள தோற் சப்பாத்தே நன்று. நீர்புகாதது வியர்வையையும் வெளியே விடாது. அதனுடன் நாள் முழுவதும் நடந்தால் விரலிடுக்குகள் வெந்துவிடும்.

அடிப்புறத்தின் வெட்டுகளையும் புரட்டிப் பார்க்கவேண்டும். ஆழமாகவும் இடைவெளி விட்டும் அமைந்த வெட்டுகள் சேற்றைப் பற்றும், நடக்கையில் உதிர்த்தும் விடும். நெருக்கமான வெட்டுகளிற் சேறு அடைத்துக்கொண்டால் அந்த அடியும் மாணவரின் நேர்முகப் பரீட்சைச் சப்பாத்தின் அடியும் ஒன்றே.

இரும்பு முனை வேண்டுமா என்று மாணவர் கேட்டார். வளர்ந்த பிரீசியன் பசுவொன்று சுமார் 600 கிலோகிராம் இருக்கும். அதன் ஒரு குளம்பு உம் விரல்மேல் ஏறினால் 150 கிலோகிராமுக்குக் குறையாது என்று கணக்கிட்டுக் காட்டினேன். சர்வதேச நியமத்துக்கமைந்த காப்பு முனை 200 ஜூல் மோதலைத் தாங்கவேண்டும். அது 20 கிலோகிராம் நிறையை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து போடுவதற்கு ஏறக்குறையச் சமன். ஆனால், அம்முனையினுள் விரல்கள் நெருக்குண்டால் அது இளகவே இளகாது. அளவு சற்றும் பிசகலாகாது. மேலும் இரும்பு பாரமானது, குளிரையும் கடத்தும். காலிற் கட்டிய பாரத்தை ஒவ்வோர் எட்டிலும் தூக்கவேண்டும் அல்லவா? மாணவர் சிறிது நேரம் தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பு முனையுள்ள தோற் சப்பாத்தையே தேர்ந்தெடுத்தார். இரண்டு சோடியும் சேர்ந்தபோது விலை கூடிவிட்டது. முதியவர் கொஞ்சம் குறைத்தார். மிகுதியை ஆசிரியன் கடனென்று நான் கொடுத்தேன்.

அன்றிரவே அவற்றை வீட்டினுள் அணிந்து ஒரு மணி நேரம் உலாவச் சொன்னேன். புதுச் சப்பாத்துடன் முதல் நாளே முழுநாள் வேலைக்குப் போவது அறியாமை. நனைந்த தோலை அடுப்பருகிலோ வெயிலிலோ காயவைத்தால் வெடிக்கும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து, காற்றோட்டத்தில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றவேண்டும். பின்னர் மெழுகோ எண்ணெயோ சிறிதளவு பூசலாம். இரவில் இறப்பர்ச் சப்பாத்தைக் கட்டையொன்றிற் கவிழ்த்து வைக்கவேண்டும். காலையில் தட்டிப் பார்க்காது காலை நுழைத்தல் ஆகாது. தேளும் மட்டத்தேளும் இருண்ட ஈரமான இடத்தையே விரும்புகின்றன. நீரிழிவுள்ளவர்கள் ஒவ்வோரிரவும் பாதத்தைக் கண்ணாற் பார்த்தல் வேண்டும். அவர்களுக்குச் சப்பாத்துக் கடிப்பது தெரியாமலே புண் ஆழ்ந்துவிடும். வேலூரிலே தொழுநோயாளருக்குச் சிகிச்சை செய்த போல் பிராண்ட் என்ற மருத்துவர், உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மெத்தென்ற இறப்பர்ச் செருப்புகளை அமைத்துக் கொடுத்துப் புண்களைத் தடுத்தார். நோவு தெரிகிற காலே பாக்கியமுள்ள கால் என்பது அவர் கண்ட உண்மை.

மாணவரைப் பற்றிய கவலை அத்துடன் தீர்ந்தது. பெரியப்பாவின் காரியந்தான் எளிதாயில்லை.

ஆழ்ந்த சேற்று வயலில் உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து வசதியன்று என்பதை நேர்மையாக ஒத்துக்கொள்ளவேண்டும். சேறு குதியைப் பிடித்துக்கொள்ளும். கால் மாத்திரம் மேலே வரும். வாய் அகன்றதாயின் உள்ளே நீரும் நிறையும். விவசாயி அணிவதில்லை என்று மேசையிலிருந்து குறை கூறுவோர் ஒருநாள் அணிந்து இறங்கிப் பார்க்கலாம். ஜப்பானியர் இதற்கு ஒரு வழி கண்டனர். அங்கே நாற்று நடுவோருக்கென மெல்லிய இறப்பரால், காலுறை போலக் கெண்டைக்காலை இறுகப் பற்றும் சப்பாத்துகள் உண்டு. பெருவிரல் தனியாகவும் ஏனைய விரல்கள் ஒன்றாகவும் நுழையும் ‘ஜிக்கா தாபி’ என்ற துணிச் சப்பாத்துக்கு இறப்பர் அடி பொருத்தி 1920களில் விற்றவர் இஷிபாஷி ஷோஜிரோ. பின்னர் 1931இல் பிரிட்ஜ்ஸ்ரோன் ரயர்க் கம்பனியை நிறுவியவரும் அவரே. பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகள் 1876இலேயே ஹெனரத்கொடைக்கு வந்து வேரூன்றிய நம் நாட்டில், நம் வயற்சேற்றுக்கும் நம்மவர் பாதத்துக்கும் பொருந்தியதொரு சப்பாத்து ஒவ்வொரு கமக்காரன் வீட்டிலும் இருந்திருக்க வேண்டாமா?

அவ்வாண்டுத் தைப்பொங்கலுக்குப் பரந்தனுக்குப் போனபோது பெரியப்பாவுடன் வாதாடினேன். லெட்சுமி விடயத்தைப் பெரியம்மாவே தீர்த்து வைத்தார். “முதல் ஏர் பூட்டிற அண்டைக்கும் புதிர் எடுக்கிற அண்டைக்கும் வெறுங்காலோடை இறங்குங்கோ. மற்ற நாளெல்லாம் போட்டுக்கொண்டு இறங்குங்கோ. ஆஸ்பத்திரியிலை கிடந்தால் லெட்சுமி வந்து பார்க்கிறவவே?” அதற்குமேற் பெரியப்பா பேசவில்லை.

கிணற்றடியிற் காலை நனைத்து, சீமெந்துத் திண்ணையில் மிதிக்கச் சொன்னேன். ஈரச் சுவடு காயுமுன், வேறொரு தாளில் நிற்க வைத்து, இரு பாதங்களையும் சுற்றிப் பென்சிலாற் கோடு வரைந்தேன். வலப்பாதம் இடப்பாதத்தைவிட அரை விரல் நீளம். முன்னடி மிகவும் அகன்றிருக்கக் கண்டேன். அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, காலி வீதியிலுள்ள அதே முதியவர்முன் விரித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“சப்பாத்துப் போடாத கால்,” என்றார். “இந்த அகலத்துக்கு ஆம்பிளைப் பெரிய அளவிலை, உள்ளுக்குத் தடித்த அடித்தட்டு ஒன்று வைத்துப் பார்ப்பம். கடிச்சால் திருப்பிக் கொண்டுவாருங்கோ.”

அது இன்னும் திரும்பி வரவில்லை.